பச்சைச் சாம்பலும் ரோஸ் சாம்பலும்

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தவர் யாரிடம் வேண்டுமானாலும் ‘சால்ட்’ என்று சொல்லிப் பாருங்கள். ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். பாடப் புத்தகத்தில் படித்ததெல்லாம் மறந்து போயிருக்கும். செய்முறைத் தேர்வில் தனக்கு வந்த உப்பு எது என்பது மட்டும் மறந்திருக்காது. காப்பர் சல்பேட் வந்தவர்கள் பாக்கியசாலிகள். நீலத்தைப் பார்த்ததுமே பாதி விடை கையில் வந்துவிடும். வெள்ளை உப்பு வந்தவர்கள்தான் வியர்த்து வழிவார்கள். உலகத்தில் பெரும்பாலான உப்புகள் வெள்ளையாக இருந்து தொலைக்கின்றன.

நான் 1981-இல் முதுகலை வேதியியல் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தேன். பிளஸ் டூ வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பணியில் பெரும்பகுதி மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கழிந்தது. ஓட்டுக் கட்டடம், நீளமான இரண்டு மேசை, நாலு ஸ்பிரிட் விளக்கு, பின் தாழ்வாரத்தில் ஒரு கிப் உபகரணம். இவ்வளவுதான் எங்கள் ஆய்வகம். கிப் உபகரணத்தைத் தாழ்வாரத்துக்குத் தள்ளியதற்குக் காரணம், அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. அழுகிய முட்டை நாற்றம் என்று புத்தகம் சொல்லும். புத்தகம் மரியாதையாகச் சொல்கிறது. செய்முறை வகுப்பு உள்ள நாளில் மாலை பஸ்ஸில் நான் ஏறினால் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகும். அந்த வாயு நாற்றத்தோடு போனால் பரவாயில்லை, அது நல்ல விஷமும்கூட. அதனால்தான் சன்னல் திறக்காமல் வகுப்பைத் தொடங்க மாட்டேன்.

படிக்காதவர்களுக்காக இந்தச் சால்ட் சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு உப்பைத் தண்ணீரில் கரைத்தால் அது இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒன்று நேர்மின் அயனி, மற்றது எதிர்மின் அயனி. சோற்றுப்பில் சோடியமும் குளோரைடும் போல. கரைசலில் இரண்டும் தனித்தனியாகத் திரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது. அவற்றைக் கூப்பிட்டு அடையாளம் கேட்பதற்குத்தான் இத்தனை சோதனையும். பேரியம் குளோரைடு ஊற்றி வெள்ளையாக வீழ்படிவு வந்து, அது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையாமல் நின்றால் சல்பேட். சில்வர் நைட்ரேட் ஊற்றித் தயிர் திரிந்தாற்போல் வந்து, அது அம்மோனியாவில் கரைந்தால் குளோரைடு. நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையச் சோதனை. சோதனைக்குழாயைச் சாய்த்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவர் வழியாக மெல்ல இறக்கினால், இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் மோதிரம் போல ஒரு வளையம் நிற்கும். கை ஆடினால் வளையம் கலைந்துவிடும். முரட்டுப் பையன்கள்கூட அந்த ஒரு நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நேர்மின் அயனிக்கு வேறு முறை. அதில் ஒரு வரிசை உண்டு. முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதில் ஈயம் விழும். விழாவிட்டால் அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடு, அதில் காப்பர் விழும். அடுத்து அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும், அதில் இரும்பும் அலுமினியமும். பிறகு அதே காரக் கரைசலில் மறுபடியும் ஹைட்ரஜன் சல்பைடு, இப்போது துத்தநாகம் வெள்ளையாக விழும். ஐந்தாவதாக அம்மோனியம் கார்பனேட், அதில் கால்சியம், பேரியம். எல்லாவற்றுக்கும் தப்பி ஆறாவது தொகுதியில் வந்து மாட்டுவது மெக்னீசியம். ஒன்றைவிட ஒன்று நெருக்கமான கண் வைத்த ஆறு சல்லடைகளை அடுக்கி வைத்தது போல. ஜெர்மானியர் ஃப்ரெசீனியஸ் 1841-இல், தமது 22-ஆம் வயதில் எழுதிய புத்தகம்தான் இப்படி வரிசை கட்டிச் சோதிக்கும் முறையை உலகத்துக்குப் பரப்பியது. அந்த வயதில் நான் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

வரிசை மாறினால் எல்லாம் கெட்டுவிடும். மூன்றாம் தொகுதியில் அம்மோனியம் குளோரைடைக் கஞ்சத்தனமாகப் போட்டால், ஆறில் வரவேண்டிய மெக்னீசியம் மூன்றிலேயே எட்டிப் பார்க்கும். பையன் அதை அலுமினியம் என்று எழுதிவிடுவான். ‘முதல் தொகுதி இல்லை, இரண்டாம் தொகுதி இல்லை’ என்று நோட்டில் வரிசையாக எழுதுவதை மாணவர்கள் வெட்டிவேலை என்று நினைப்பார்கள். அப்படி எழுதாமல் விடையை மட்டும் எழுதியவனுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. இல்லை என்று தெரிந்துகொண்டதும் ஒரு முடிவுதான் என்பது அந்த வயதில் யாருக்கும் புரியாது.

இதையெல்லாம் சுற்றிவளைத்துத் தப்பிக்கும் வழியும் உண்டு. தேர்வுக்கு முதல்நாள் எந்த எண்ணுக்கு எந்த உப்பு என்று மோப்பம் பிடித்து வைத்துக்கொண்டு, மறுநாள் சோதனையே செய்யாமல் விடையிலிருந்து பின்னோக்கி எழுதுவது. தமிழ்நாடு முழுக்க இது நடந்தது, ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். அப்படி முழு மதிப்பெண் வாங்கி டாக்டராகவும் இஞ்சினியராகவும் ஆனவர்கள் நிறையப் பேர். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய ஒரு சந்தோஷம் கிடைக்காமல் போயிற்று, அவ்வளவுதான்.

இந்தப் பதிவில் சொல்ல வந்தது இரண்டு வெள்ளை உப்புகளைப் பற்றி. ஜிங்க் சல்பேட், மெக்னீசியம் சல்பேட். நம் வயதுக்காரர்களுக்கு இரண்டாவது நன்றாகத் தெரியும். சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக் கொடுத்த பேதி உப்பு. முதலாவது துத்தநாகம், வயலுக்குப் போடுவது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் நிறமற்ற ஊசிப் படிகம். இரண்டிலும் ஒரு மூலக்கூறுக்கு ஏழு நீர் மூலக்கூறு. துத்தநாக அயனிக்கும் மெக்னீசிய அயனிக்கும் மின்சுமை ஒன்று, பருமனும் ஏறக்குறைய ஒன்று. ஒரே படிகத்துக்குள் இரண்டும் இடம் மாற்றி உட்கார்ந்துகொள்ளும் அளவுக்கு ஒற்றுமை. விலையில் மட்டும் ஒற்றுமை இல்லை. துத்தநாகம் விலை கூடியது, மெக்னீசியம் மலிவு. இங்கேதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு நெல்லில் துத்தநாகக் குறைவு புதிதல்ல. நட்டு இரண்டு மூன்று வாரத்தில் அடி இலைகளில் துரு தெளித்தாற்போலப் புள்ளி வரும். இளம் இலையின் நடு நரம்பு அடியில் வெளுக்கும். பயிர் குத்துக்குத்தாக வளராமல் நின்றுவிடும். வடக்கே இதற்குக் ‘கைரா’ என்று பெயர். இது கிருமியால் வருவதில்லை, துத்தநாகம் இல்லாததால் வருவது என்று 1960-களில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் நெனே என்ற அறிவியலாளர் கண்டுபிடித்தார். நம் பக்கத்துப் பரிந்துரை, ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட்டை இருபது கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன்னால் தூவுவது.

அது 1994-ஆம் வருடம், சம்பா நடவுக்குச் சற்று முன்பு. என் வகுப்பில் ஒரு மாணவன். தியரியில் சுமார். கை மட்டும் அபாரமான கை. பழுப்பு வளையத்தை ஒரு தடவைகூடக் கலைத்ததில்லை. அப்பா குத்தகைக்கு மூன்று ஏக்கர் உழுபவர். ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, நோட்டுத் தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

“சார், ஒரு சால்ட் பண்ணிப் பாத்துக்கட்டுமா?”

“ஏதுடா இது?”

“சொன்னா நீங்க முன்னாடியே சொல்லிடுவீங்க சார். பண்ணிட்டுச் சொல்றேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. செய் என்றேன். லேப் உதவியாளர் பெரியவர் சாவியை இடுப்பில் செருகியபடி நின்றார். அவருக்கு நாலரை மணி பஸ். “நீங்க கெளம்புங்கண்ணே, நான் பூட்டிக்கிறேன்” என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

பையன் முறைப்படி செய்தான். நிறமற்ற படிகம், நீரில் கரைகிறது. அமிலம் விட்டால் நுரைக்கவில்லை, ஆகவே கார்பனேட் இல்லை. பேரியம் குளோரைடு ஊற்றினான், வெள்ளை விழுந்தது, அமிலத்தில் கரையவில்லை. சல்பேட். முகத்தில் ஒரு திருப்தி. பிறகு நேர்மின் அயனி. ஒன்று இல்லை. இரண்டு இல்லை. மூன்று இல்லை. நாலாவதுக்கு வந்தபோது தாழ்வாரத்தில் கிப் உபகரணத்தின் முன்னால் நின்று வாயுவை விட்டுக்கொண்டே இருந்தான். விட்டுக்கொண்டே இருந்தான். கரைசல் தெளிவாகவே இருந்தது. வெள்ளை வரவில்லை.

“போதும்டா, அடுத்ததுக்குப் போ” என்றேன்.

“இல்ல சார், வரணும் சார்” என்றான்.

அந்தச் சொல்லில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. இவன் விடையை வைத்துக்கொண்டு சோதனை செய்கிறான். ஆனால் தேர்வுக்கு முதல்நாள் மோப்பம் பிடிக்கும் பையன்களைப் போல விடையிலிருந்து பின்னோக்கி எழுதவில்லை. விடை வராததை ஒப்புக்கொண்டு நிற்கிறான். ஐந்தாவதும் இல்லை. ஆறாவதில் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் ஊற்றிக் கண்ணாடிக் கம்பியால் குழாயின் உட்சுவரை உரசினான். கம்பி உரசிய கோட்டிலேயே வெள்ளைப் படிகம் ஏறியது. மெக்னீசியம்.

முகம் செத்துப்போயிற்று. “நான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் சார்” என்றான். மறுபடி ஆரம்பிக்கப் போனான். அப்போதுதான் கேட்டேன், பொட்டலம் எங்கிருந்து வந்தது என்று.

வீட்டில் இருக்கும் ஜிங்க் சல்பேட் மூட்டையிலிருந்து. போன வருடம் இதே கடையில் வாங்கி அடித்தார்களாம். பயிர் துருப்பிடித்தது பிடித்தபடியே இருந்ததாம். மண் செத்துப்போச்சு என்று ஊரில் சிலர் சொன்னார்களாம். ஜிங்க் கிங்க் எல்லாம் கவர்ன்மெண்ட்டு ஆளுங்க கட்டிவிட்ட கதை என்று தாத்தா சொன்னாராம். இந்த வருடம் அப்பா மறுபடி அரைமனதாகக் கடனுக்கு வாங்கி வைத்திருக்கிறார். மூன்று ஏக்கருக்கு முப்பது கிலோ. அடுத்த வாரம் நடவு. பையன் வகுப்பில் நாலாம் தொகுதி படித்த அன்றிலிருந்து அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவன் தப்புச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும், நான் கூடவே இருந்தேன். ஆனாலும் ஒருவர் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். பள்ளியின் ஜிங்க் சல்பேட் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்தேன். அவனுடைய உப்பும் எங்கள் உப்பும் இரண்டு குழாய்களில். இரண்டிலும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட்டோம். இரண்டிலும் கஞ்சி போல வெள்ளை வந்தது. இதுவரை இரட்டைப் பிள்ளைகள்தான். இன்னும் ஊற்றச் சொன்னேன். எங்கள் குழாயில் கஞ்சி கரையத் தொடங்கி, குலுக்கக் குலுக்கப் பச்சைத் தண்ணீர் போலத் தெளிந்துவிட்டது. அவன் குழாயில் கஞ்சி அசையவே இல்லை. துத்தநாக ஹைட்ராக்சைடு மிகுந்த காரத்தில் கரையும், மெக்னீசிய ஹைட்ராக்சைடு கரையாது. அவ்வளவுதான் ரகசியம்.

பிறகு சாம்பல் சோதனை. சால்ட் படித்தவர்களுக்கு இதைச் சொன்னாலே முகம் மலரும். உப்புக் கரைசலில் கொஞ்சம் அடர் நைட்ரிக் அமிலமும் கோபால்ட் நைட்ரேட்டும் சேர்த்து, வடிதாளை அதில் நனைத்துக் காயவைத்து எரிப்பது. அலுமினியமானால் சாம்பல் நீலம். துத்தநாகமானால் பச்சை. மெக்னீசியமானால் ரோஸ். காரத்தில் கரைவதில் அலுமினியமும் துத்தநாகம் மாதிரியே நடிக்கும், அதனால்தான் ஒரு சோதனையோடு நிறுத்தக் கூடாது. இரண்டு தாளையும் இடுக்கியில் பிடித்து எரித்தோம். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஸ்பிரிட் விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலோரம் பீங்கான் தட்டைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். ஒரு ஓரத்தில் பச்சைச் சாம்பல். மறு ஓரத்தில் ரோஸ் சாம்பல்.

பையன் ஒன்றும் பேசவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை அவன் அப்பா வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். “உள்ள வாங்கய்யா” என்றேன். பையனே எல்லாவற்றையும் மறுபடி செய்து காட்டினான். குழாய் தெளிந்ததையும் தெளியாததையும் அவர் இரண்டு மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், “அப்ப ரெண்டு வருசமா வயலுக்குப் பேதி மருந்து குடுத்திருக்கேன்” என்றார். சிரித்தபடிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. ரத்தம் கொதித்தது. வேளாண் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். கூடவே உள்ளதையும் சொன்னேன். நாங்கள் செய்தது பள்ளிக்கூடச் சோதனை, சட்டத்தில் அதற்கு மதிப்புக் கிடையாது. 1985-ஆம் வருட உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஆய்வாளர் கடையில் பிரிக்காத மூட்டையிலிருந்து முறைப்படி மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, அரசு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஜிங்க் சல்பேட்டில் குறைந்தது 21 சதவீதம் துத்தநாகம் இருக்க வேண்டும் என்பது விதி. அவர் வீட்டில் பிரித்து வைத்த மூட்டையைக் காட்டினால், நீயே கலந்துவிட்டாய் என்று கடைக்காரர் சொல்லிவிடலாம்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “சார், நீங்க மாசச் சம்பளக்காரங்க. தப்பா எடுத்துக்காதீங்க. யூரியா, டிஏபி எல்லாம் எனக்கு அவருதான் கடனுக்குத் தர்றாரு. அறுத்துதான் குடுக்கணும். அடுத்த போகத்துக்கும் நான் அவரு கடை வாசல்லதான் நிக்கணும்.”

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அவர் தனியாகக் கடைக்குப் போனார். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனாராம். சத்தம் போடவில்லை. “எம் பையன் பள்ளிக்கூடத்துல டெஸ்ட்டு பண்ணிப் பாத்தான், இது ஜிங்க் இல்லங்கறான்” என்று மட்டும் சொன்னாராம். கடைக்காரர் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் வேறு மூட்டையைக் கொண்டுவந்து மாட்டுவண்டியில் ஏற்றச் சொன்னாராம். எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. அந்த மூட்டையிலிருந்தும் பையன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். காரத்தில் கரைந்தது. சாம்பல் பச்சை. அன்று எனக்கு வந்த கோபம் முந்தைய கோபத்தைவிட அதிகம். அப்படியானால் கடையில் இரண்டும் இருந்திருக்கிறது. யாருக்கு எதைக் கொடுப்பது என்பதும் தெரிந்திருக்கிறது.

ஊரில் விஷயம் எப்படியோ கசிந்தது. அடுத்த பத்து நாளில் எங்கள் ஆய்வகத்துக்குப் பொட்டலம் பொட்டலமாக வந்தன. மாணவர்கள் அப்பாக்களின் பெயரை எழுதிக் கொண்டுவந்தார்கள். சில சுத்தமான ஜிங்க். சில சுத்தமான மெக்னீசியம். சிலதில் கஞ்சி பாதி கரைந்து பாதி நின்றது. அது கலப்படம், இரண்டையும் சேர்த்தது. இந்த மூன்றாவது வகைதான் கெட்டிக்காரத்தனம். பயிர் கொஞ்சம் தேறும், சந்தேகம் வராது. எங்கள் சோதனை இருக்கிறதா இல்லையா என்றுதான் சொல்லும், எத்தனை சதவீதம் என்று சொல்லாது. அதற்குப் பருமனறி பகுப்பாய்வு வேண்டும். ஆகவே கலப்படப் பொட்டலங்களில் ‘கலந்திருக்கிறது’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தோம்.

தலைமையாசிரியர் கூப்பிட்டு, “என்ன சார், ஸ்கூல் லேபா, உரக்கடை லேபா?” என்றார். காஸ்டிக் சோடா வருடக் கணக்கு ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டதே என்பது அவர் கவலை. தணிக்கைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொந்தக் காசில் ஒரு கிலோ வாங்கி வைத்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஒருநாள் அவரே தம் மைத்துனர் வயலுக்கு வாங்கிய உப்பைக் கொடுத்தனுப்பினார்.

அந்த வருடம் என் மாணவர்கள் யாருக்கும் நாலாம் தொகுதியும் ஆறாம் தொகுதியும் மனப்பாடம் செய்யத் தேவைப்படவில்லை. முதல்நாள் உப்பு எண்ணைக் கேட்டு அலைந்தவர்களும் அந்த வருடம் குறைவு. எல்லாரையும் திருத்திவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஒன்றிரண்டு பேர் அப்போதும் லேப் உதவியாளர் பெரியவருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

உதவி வேளாண் அலுவலர் ஒருவர் எங்கள் பஸ்ஸில்தான் வருவார். யார் பெயரும் சொல்லாமல், அந்தக் கடை வீதியில் ஜிங்க் மாதிரி எடுங்கள் என்று மட்டும் சொன்னேன். பொட்டலங்களின் கதையையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், மாதிரி எடுக்க ஏற்பாடு செய்தார். அதற்கு மறுவாரத்திலிருந்து அந்தப் போகம் முடியும்வரை அந்தக் கடையில் ஜிங்க் சல்பேட் ‘ஸ்டாக் இல்லை’.

விவசாயிகள் வீட்டில் செய்வதற்கு இன்னொரு சோதனையையும் அந்த அலுவலர்தான் சொன்னார். டிஏபி உரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளிவை வடித்து, அதில் ஜிங்க் சல்பேட் கரைசலை ஊற்றினால் தயிர் போலத் திரியும். மெக்னீசியமானால் உடனே அப்படித் திரியாது. காஸ்டிக் சோடா தேவையில்லை, கை வெந்துபோகும் பயமும் இல்லை. அவசரத்துக்கு நல்ல சோதனை. ஆனால் கரைசலை அப்படியே வைத்துவிட்டால் மெக்னீசியமும் மெல்லப் படிகம் கட்டலாம். எங்கள் ஆறாம் தொகுதியும் பாஸ்பேட் சோதனைதானே. ஆகவே ஊற்றிய உடனே பார்க்க வேண்டும். எனக்கு நம்பிக்கை காரச் சோதனையில்தான். செய்வதானால் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வை போகும். சமையலறைத் தம்ளரில் மட்டும் செய்யாதீர்கள், பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடு.

அந்த டிஏபி தம்ளரைப் பார்த்தபோதுதான் அந்த அப்பா இன்னொன்றைக் கேட்டார். “சார், தம்ளர்ல இப்படித் திரியுதுன்னா, ரெண்டையும் ஒண்ணாக் கலந்து வயல்ல போட்டாலும் திரியுமா?” திரியும். துத்தநாகம் பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும், பயிருக்குக் கிடைக்காது. அதனால்தான் ஜிங்க்கை டிஏபியோடு கலக்காமல் மணலில் கலந்து தூவச் சொல்கிறார்கள். இதை அவருக்கு வருடா வருடம் துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். தம்ளரில் கண்ணால் பார்த்த அன்றுதான் அவர் அதைக் கேள்வியாகக் கேட்டார். நான் முப்பத்தொரு வருட வேலையில் வாங்கிய நல்ல கேள்விகளில் அது ஒன்று. கேட்டவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்.

அவர் பயிர் அந்தச் சம்பாவில் துருப்பிடிக்கவில்லை. மழை நன்றாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம், முழுப் பெயரையும் ஜிங்க்குக்கே கொடுத்துவிட முடியாது. பையன் செய்முறைத் தேர்வில் கால்சியம் கார்பனேட் வாங்கினான். சாதாரண உப்பு, எளிதாக முடித்துவிட்டான். சாம்பல் சோதனைக்கு வேலையே இல்லாமல் போனதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

கல்லூரிக்குப் போக வசதிப்படவில்லை. அப்பாவோடு வயலில் இறங்கினான். போன தைக்கு ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன், தலை நரைத்திருந்தது. குத்தகை நிலத்தோடு சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கியிருக்கிறான். மாட்டுக் கொட்டகைப் பரணில் ஒரு பாட்டில் காஸ்டிக் சோடாவும் இரண்டு சோதனைக்குழாயும் இன்னும் இருக்கிறதாம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசம் வரும்வரை அதைப் பற்றியே பேசினான். இப்போது மூட்டையில் கம்பெனிப் பெயர், சதவீதம் எல்லாம் அச்சாகி வருகிறது என்றான். பிறகு, “ஆனாலும் சார், பிரிச்சதும் ஒரு சிட்டிகை போட்டுப் பாத்துருவேன்” என்றான்.